செக்ரோலில் ஏறாத தையல்

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களின் கதையை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஏட்டைத்தான் திறக்கிறார்கள். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணி குறித்துவைத்த செக்ரோல் அது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை வெள்ளி வாங்கினார் என்பதெல்லாம் அதில் உண்டு. பகல் இரண்டு மணிக்குமேல் லயத்து வாசலில் மிதிமெஷின் முன் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அதனால்தான் அவள் தையலைக் கோலம், பூத்தொடுத்தல் வரிசையில் ஒரு கைவேலையாகச் சேர்த்துவிட்டோம். அது தப்புக் கணக்கு என்பது என் கருத்து. தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது, மரம் கம்பெனியுடையது, நடக்கும் மண்சாலையும் கம்பெனியுடையது. மாடு வளர்த்தார்களே என்று கேட்கலாம். வளர்த்தார்கள்தான், ஆனால் மாடு மேய தோட்டத்துப் புல் வேண்டும், புல்லுக்கு நிர்வாகத்தின் தயவு வேண்டும். யாருடைய தயவும் இல்லாமல் ஒரு தொழிலாளிப் பெண் சொந்தமாக வைத்துக்கொண்டு சம்பாதிக்க முடிந்த சாதனம் தையல் மெஷின். தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது மாட்டை விற்றார்கள். மெஷினை லாரியில் ஏற்றினார்கள்.

கெடா என்றதும் நம் எழுத்தாளர்களுக்குக் கடாரமும் ராஜேந்திர சோழனும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். பட்டினப்பாலையில் வரும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். காழகம் என்ற அதே சொல்லுக்கு அகராதியில் ஆடை என்றும் பொருள் உண்டு. தற்செயலான ஒற்றுமைதான், அதன்மேல் எதையும் கட்ட வேண்டாம். இந்தக் கதை தொடங்குவது 1909இல். அந்த ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. பின்னாலேயே கூலிம், பீடோங், சுங்கை பட்டாணிப் பக்கமெல்லாம் ரப்பர் பரவியது, கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் பெண்கள் குறைவு: 1931 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியரிடையே 1000 ஆண்களுக்கு 500 பெண்கள் இல்லை. கங்காணி முறை ஆள்சேர்ப்பு 1938இல் நின்ற பிறகு ஆள்வரத்து சுருங்கி, இங்கேயே பிறந்து வளரும் குடும்பங்கள் பெருகின. குழந்தைகள் பெருகிய லயத்தில் துணி ஓர் அன்றாடப் பிரச்சினை. டவுனில் தைப்பது ஆண்களின் தொழிலாக இருந்தது. அஞ்சடியில் மெஷின் போட்ட தையற்காரரிடம் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு அரசு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு நாளை விடுவது என்றால் அதுதான் விலை. ஜப்பான்காரன் காலத்தில் துணியே அற்றுப்போய், கோணிச்சாக்கைக்கூட உடுத்த வேண்டியிருந்தது. கிழிந்ததை ஒட்டுப்போட்டு இன்னொன்றாக மாற்றத் தெரிந்த கை அன்று வெறும் பொழுதுபோக்குக் கையல்ல.

மெஷின் லயத்துக்குள் வந்தது தவணையில். சிங்கர் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தவணை விற்பனையைத் தொடங்கிவிட்டது. மலாயாவில் தையல் வகுப்பும் நடத்தியது. இன்னொரு வழி கூட்டு. பத்துப் பெண்கள் மாதாமாதம் பணம் போட்டு, முறைவைத்து ஒருத்தி மொத்தமாக எடுப்பது. இதைத் தொழிலாக நடத்தக் கூடாதென்று மலேசியா 1971இல் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே கூட்டு என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது, நம் காதுக்குத் தமிழாகவே ஒலிக்கிறது. இயந்திரங்களைச் சந்தேகித்த காந்தி 1924இல் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி ஊசியோடு படும் பாட்டைப் பார்த்துச் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிக்கை. சிங்கரின் உண்மைக் குடும்பக் கதை அவ்வளவு அழகானதல்ல. ஆனாலும் தோட்டத்தைப் பொறுத்தவரை காந்தியின் கணிப்பு சரி, காரணம்தான் வேறு. மிதிமெஷினுக்குக் கரண்டு வேண்டாம். தோட்டத்து ஜெனரேட்டர் எப்போது ஓடினாலும் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. மரம் சீவும் வேலை விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும், பிற்பகல் கையில் இருக்கும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாமல் பரவிவிடும் என்பதால் அன்று வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. கெடாவில் மழை வலுக்கும் மாதங்கள் தீபாவளிக்கு முன்னால் வருபவை, அதாவது ரவிக்கைத் துணி குவியும் மாதங்கள். டிசம்பரில் பள்ளிச் சீருடை, பிறகு பொங்கல், தைப்பூசம். அதற்குப் பின் இலை உதிர்ந்து பால் வற்றும் காலம், திருவிழாச் சட்டைகளில் சேர்த்த காசு உதவும் காலம். மரம் கைவிடும் நாட்களில் மெஷின் கைகொடுத்தது. இதைத் துணை வருமானம் என்பதைவிட, கூலி முறையின் ஓட்டையை அடைத்த வருமானம் என்பதே சரி.

எல்லா வீட்டிலுமா மெஷின் இருந்தது என்று கேட்பார்கள். இல்லை. என் வாதத்துக்கு அது பலவீனமும் அல்ல. எல்லார் வீட்டிலும் இருந்திருந்தால் அது அம்மி மாதிரி ஒரு வீட்டுச் சாமான். லயத்துக்கு ஒன்றிரண்டு இருந்ததால்தான் வாடிக்கை உண்டானது, அளவு நோட்டு உண்டானது, தொழில் உண்டானது. அந்த நோட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பெயர் இருக்கும், அல்லது 'மூணாம் லயம் பெரியம்மா' என்று உறவு இருக்கும். பக்கத்தில் உயரம், மார்பு, இடுப்பு, கை. அளவெடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓரத்தில் வாங்கிய காசு. மாமி, அத்தை, சம்பந்தி வகையில் காசு இருக்காது; முட்டையோ முருங்கைக்கீரையோ வந்திருக்கும். காசு வாங்காத தையலை எப்படித் தொழில் என்பது என்பது இரண்டாவது மறுப்பு. ஆனால் செட்டியார் கடையிலும் சொந்தக்காரர் கணக்கு வேறு. அதனால் அதைக் கடையில்லை என்று யாரும் சொல்வதில்லை. சம்பள நாளில் கையில் வரும் கூலி கள்ளுக்கடை வரை போய்த் திரும்புவதே பெரும்பாடு. 1946-47இல் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கு எதிராகக் கிளம்பியதற்கு அந்த அவதியும் ஒரு காரணம். தையல் காசு சம்பள நாளில் வருவதில்லை, சில்லறையாக, பெண்ணின் கைக்கே நேராக வந்தது.

இந்த மெஷினின் முழு மதிப்பு தெரிந்தது தோட்டங்கள் உடையத் தொடங்கியபோது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் கைவிட்ட தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க முயன்றதும், கெடாவின் புக்கிட் சீடிம் அப்படி வாங்கப்பட்டதும் அந்த நெருக்கடியில்தான். 1969இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். மலாய்க் கிராமங்களுக்குப் பின்னாளில் கெமாஸ் எனப்பட்ட அரசுத் துறை மூலம் தையல் வகுப்பு கிடைத்தது. தோட்டம் தனியார் சொத்து என்பதால் ஊரக வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் அதன் வாசலோடு நின்றன. லயத்துப் பெண் தைக்கக் கற்றது பக்கத்து வீட்டில், இன்னொருத்தியின் மெஷினில். கற்றதோடு அவள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் போனாள். 1970இல் பள்ளிச் சீருடை நாடு முழுதும் ஒரே மாதிரியானபோது அவளுக்குத் தமிழர் அல்லாத வாடிக்கையும் வந்தது. பாஜு கூரோங் வெட்டக் கற்றுக்கொண்டாள். 1972இல் பக்கத்துப் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்து மகள்கள் தொழிற்சாலை பஸ் ஏறிய பிறகும் தாமான் வீட்டு முன்கூடத்தில் மெஷின் ஓடியது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஓட்டக்கூடிய வேலை அது.

அதுவே சுரண்டல்தானே என்று ஒரு கேள்வி உண்டு. மறுக்க மாட்டேன். முதுகு வலியும், நள்ளிரவு வரை தீபாவளித் தையலும், பேரம் பேசும் வாடிக்கையாளரும் அந்தத் தொழிலின் பகுதிகள். சொந்த மெஷின் என்பதால் உழைப்பு லேசாகிவிடவில்லை. ரெடிமேட் வந்து எல்லாம் முடிந்துவிட்டது என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. சட்டையும் கவுனும் கடைக்குப் போய்விட்டன, சரி. ரவிக்கை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. காரணம் அதன் பக்கவாட்டில் இருக்கிறது. நல்ல தையற்காரி அங்கே இரண்டு விரல் துணியை உள்ளே விட்டு, மூன்று வரிசை தையல் போடுவாள். உடம்பு பெருத்தால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். பிள்ளைப்பேறும் வயதும் அந்த உள்மடிப்பில் முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். ஓர் உடம்பைப் பத்து ஆண்டு அறிந்தவளுக்கு மட்டுமே வரும் கணக்கு அது. இடத்தைக் கஞ்சத்தனமாக விடும் ரெடிமேட் ரவிக்கையும் பிரித்துத் தைக்க அவளிடம்தான் வருகிறது.

2022 டிசம்பர் 1ஆம் தேதி மலேசியாவில் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது, ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. சுயதொழில் செய்வோருக்கு 2017இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஊசி விரலில் ஏறினால் வீட்டில் தைக்கும் பெண் எந்தச் சட்டத்தின்கீழ் வருவாள் என்பது, அவள் தன் வேலைக்கு என்ன பெயர் சொல்கிறாள் என்பதைப் பொறுத்தது. செக்ரோல்களையாவது யாரோ எங்கோ கட்டிவைத்திருக்கிறார்கள். அளவு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், ஓரத்தில் எழுதிய காசுக் கணக்கோடு அப்படியே எடுத்து வையுங்கள்.