உப்பைக் கழுவியது யார்?

வேளாங்கண்ணிக்கு வடக்கே, நாகப்பட்டினம் போகிற வழியில் தெற்குப் பொய்கைநல்லூர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் இந்தப் பக்கத்து வயல்களுக்குள்ளும் புகுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துக் கிடந்த நேரத்தில் யார் வயலைப் பற்றிப் பேசுவார்கள்? ஆனாலும் மிஞ்சியவர்களுக்கு அடுத்த போகம் என்ற கவலை இருந்தது.

அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வந்தவர்களில் ஒருவர் கோ. நம்மாழ்வார். வெண்தாடி, பச்சைத் தலைப்பாகை என்று வாட்ஸாப் ஸ்டேட்டஸில்தான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். உண்மையில் அவர் தொழில்முறை வேளாண் ஆய்வாளர். 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு உரம் என்று சோதனை செய்துகொண்டிருந்தார். மானாவாரிக் கரிசலில் காசில்லாத சம்சாரிக்கு இந்த ஆய்வு எதற்கு உதவும் என்று கேட்டார். பதில் கிடைக்கவில்லை. 1969இல் வேலையை விட்டார். கல்வித்துறை வாழ்க்கை என்று பார்த்தால் ஆறே வருஷம். 2007இல் காந்திகிராமப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக்கதை.

சரி, உப்புக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அது வேரைச் சூழ்ந்துவிட்டால், பயிர் தண்ணீரில் நின்றபடியே தாகத்தில் சாகும். அதைவிட மோசமானது பிறகு நடப்பது. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். அதன் இடத்தை சோடியம் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்துபோகும். நனைந்தால் கூழ், காய்ந்தால் கல். தண்ணீர் கீழே இறங்கவே இறங்காது.

அரசு வேளாண்மைத் துறையின் வழி ஜிப்சம்: கால்சியத்தைக் கொடு, நல்ல தண்ணீரைத் தேக்கு, வடி. நம்மாழ்வாரும் அவரோடு நின்ற இயற்கை விவசாயிகளும் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழச் சொன்னார்கள். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கும், அதன் வேர் இறுகிய மண்ணில் வழி திறக்கும். மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு, மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அதைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். அதாவது, மேடையில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு தரப்பும் மண்ணுக்குள் செய்தது ஏறக்குறைய ஒரே வேதியியல்தான். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இன்னொருவரையும் இந்தக் கதையில் சேர்க்கணும். 2005 வடகிழக்குப் பருவமழை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் கொட்டித் தீர்த்தது. வெள்ளம் வெள்ளம் என்று நாம் திட்டிய அந்த மழைதான் வயல் உப்பில் பெரும்பங்கைக் கரைத்துக்கொண்டு போனது. நம்மாழ்வாரின் புகழ் பாடுகிறவர்கள் மழையை விட்டுவிடுகிறார்கள். மழை மட்டுமே போதும் என்பவர்களோ, மூடிக்கொண்ட மண்ணில் எவ்வளவு பெய்தாலும் மேலோடு ஓடிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர் செய்த வேலை அந்த மழைக்கு வழி விட்டது. அதைச் சிறிய வேலை என்று நான் நினைக்கவில்லை.

சுனாமி உப்பு ஒரே நாளில் வந்தது, போகவும் செய்தது. கடைமடையில் மெதுவாக ஏறுகிற உப்புக்குத்தான் கேமரா வருவதில்லை. ஆற்றில் நன்னீர் குறையக் குறைய கடல் உள்ளே வரும், நிலத்தடியிலும் வரும். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் நம்மாழ்வார் இறந்தபோது, டெல்டாவின் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தில் இருந்தார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தரவேண்டிய காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்ததில் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் அந்த நிலத்தடி நீரில் பெரும்பகுதி உவர்ப்பு.