கல்வெட்டில் இல்லாத சோழன்

அடையாறு, தி.நகர் இலக்கியக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் வாசகம்: ‘சீனாவுல நம்ம சோழன் கோயில் கட்டியிருக்கான்யா.’ ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுகமான சுவான்சௌவைத்தான் சொல்கிறார்கள். மார்க்கோ போலோ ‘சைத்தூன்’ என்று எழுதிய ஊர். சுற்றுலாப் பயணியாக நானும் போனேன். பார்ப்பதற்கு முன்பே வாசித்து முடித்துவிடுகிறவன்தான் சுற்றுலாப் பயணி. அந்நகரத்தின் கற்களோ இந்தப் பெருமித வாசிப்புக்கு ஒத்துழைப்பதில்லை.

அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் சகம் 1203, சித்திரை, அதாவது கி.பி. 1281. சோழர் ஆட்சி 1279ஓடு முடிந்துபோயிருந்தது. கல்வெட்டில் தமிழ் அரசன் எவனும் இல்லை. தவச்சக்கரவர்த்திகள் என்கிற சம்பந்தப் பெருமாள், ‘செகசைக்கான்’ உடல்நலம் வேண்டி, அந்தக் கானின் பர்மான்படி, திருக்கதலீச்சரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. இந்தக் கான், மங்கோலியப் பேரரசன் குப்லாய் என்பது பொதுவான கருத்து. தமிழ்ப் பிரதிக்குள் பாரசீகத்து ‘பர்மான்’. கடைசி வரி சீன எழுத்தில். வென்றவனின் குரல் இதில் எங்கே? பிழைக்க வந்த இடத்தில், ஆளும் அதிகாரத்திடம் அனுமதி வாங்கிக் கும்பிட்ட சாமி இது.

கய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்ட இரண்டு தூண்கள் நிற்கின்றன. யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பமும் இந்நகரத்தில் கிடைத்தது. மயில் பூசித்த கபாலீசுவரரைத் தினமும் பார்க்கிற மயிலாப்பூர்க்காரருக்கு இது உடனே புரியும். ஆனைக்காவும் ஞாபகம் வரும். செதுக்கியவர்கள் உள்ளூர்ச் சீனக் கல்தச்சர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1357 முதல் 1366 வரை நகரம் கலகத்தில் சிக்கியது. அது அடக்கப்பட்டபோது அந்நியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். சிவன் கோயிலும் தங்கவில்லை. அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

பெருமிதம் பேசுகிறவர்கள் நாகப்பட்டினத்தையும் பேச வேண்டும். ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என்றழைத்த பௌத்தக் கோபுரம் அங்கே 1867 வரை நின்றது. இயேசு சபையார் கேட்டார்கள், மதராஸ் அரசு இடிக்க அனுமதி கொடுத்தது. சோழன் பெயரால் சுவான்சௌவுக்கு உரிமை கோரும் நாம், நம் கரையில் நின்ற அந்தக் கோபுரத்துக்காக ஒருநாளும் துக்கம் காத்ததில்லை.

வேற்றூரான் சாமிக்கு ஒரு ஊர் எதுவரை இடம் கொடுக்கும், எப்போது கத்தியை எடுக்கும்? சுவான்சௌ எழுப்பும் இந்தக் கேள்வி நம்ம ஊருக்கும் சேர்த்துத்தான்.