சோழன் இடித்த கருங்கல் கோட்டை

சென்ற வாரம் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் பார்த்தோம். இந்த வாரம், அவன் அழித்ததாகச் சொல்லப்படும் ஒரு கோட்டை.

2005 பிப்ரவரியில், ஜொகூர் காட்டுக்குள் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான நகரம் ஒன்று மறைந்து கிடப்பதாக 'தி ஸ்டார்' நாளிதழ் செய்தி போட்டது. பழைய மலாய் ஏடுகளையும் வான்படங்களையும் வைத்து அப்படிச் சொன்னவர் ரைமி செ-ரோஸ் என்ற ஆய்வாளர். நகரின் பெயர் கோத்தா கெலாங்கி. அங்கோர் வாட்டைவிடப் பழையது, ஸ்ரீவிஜயத்தின் தலைநகராகவே இருக்கலாம் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. 1025-ல் அதை அழித்தவன் சோழன் என்றதும் நம்மவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏட்டில் என்னதான் இருக்கிறது? செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் ஏட்டில் ராஜா சூலான் என்ற மன்னன் பெரும்படையோடு வருகிறான். பேராக்கில் கங்கா நகரத்தை வீழ்த்திவிட்டு, ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கருங்கல் கோட்டையைப் பிடிக்கிறான். அந்தக் கோட்டையே கெலாங்கி, சூலானே சோழன் என்கிறார்கள். சரி, இன்னும் சில பக்கம் புரட்டுவோம். அவன் வழிவந்த மன்னன் சீனத்தின்மீது படையெடுக்கிறான். சீனத்தார் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். புறப்பட்டபோது தாங்கள் சிறுபிள்ளைகள் என்றும், இந்த ஊசிகள் அப்போது தடித்த இரும்புக் கம்பிகள் என்றும் கிழவர்கள் சொல்ல, சீனம் அவ்வளவு தொலைவா என்று மலைத்து மன்னன் படையைத் திருப்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்குப் போய் அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். கண்ணாடிப் பெட்டியைக் கதை என்று தள்ளுகிறவர்கள் கருங்கல் கோட்டையை மட்டும் எப்படிக் கேள்வியில்லாமல் ஏற்கிறார்கள்? வென்ற ஊர்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயம் இருக்கிறது, இலங்காசோகம் இருக்கிறது, கடாரம் இருக்கிறது. கெலாங்கி இல்லை.

அடுத்தது வான்படம். நேர்கோடும் மேடும் தெரிந்தால் மனிதக் கை பட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம்; எந்தக் காலத்துக் கை என்று படம் சொல்லாது. நம் கேமரன் மலையையே பாருங்கள்: ரஸ்ஸல் துரை 1929-ல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பா சாலை 1931-ல் வந்தது. தேயிலைக்காக நம் பாட்டன்மார் மலையை வெட்டித் திருத்தியது அந்தக் காலத்தில்தான். கோலா தெர்லா பக்கத்தில் ஒரு பழைய சரிவை ஐம்பது வருடம் காடு மூட விட்டுவிட்டு மேலிருந்து படம் எடுங்கள். படிகள், கான்கள், லயத்து அடித்தளம் எல்லாம் சேர்ந்து ஒரு கோட்டையே கிடைத்துவிடும்!

நம் பகாங்கிலும் ஒரு கோத்தா கெலாங்கி உண்டு. ஜெராண்டுட் அருகே உள்ள சுண்ணாம்புக்கல் குகைகள் அவை. கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1880களில் அங்கே போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். அது ஒரு நகரம், சாங் கெலெம்பாய் என்ற பூதம் கல்லாக்கிவிட்டது என்பது ஊர்க்கதை. கட்டியது யாருமில்லை, மழைத்தண்ணீர் அரித்த பாறை.

ஜொகூருக்கு 2005 ஜூலையில் அரசு ஆய்வுக்குழு போய் ஒரு மாதம் தேடியது. கோட்டைக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் அறிவித்தார்கள். அப்படி ஒரு நகரம் இருந்திருக்கவே முடியாது என்று அவர்களும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் வந்த நகரம் அளவுக்கு இந்த அறிவிப்பை யாரும் பேசவில்லை.

கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பழமை கெடாவில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் செங்கல் மேடைகளும், இரும்பு உருக்கிய கசடும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும் அகழ்ந்து எடுக்கப்பட்டன. அங்கேயும் கி.மு. 788 என்று சொல்லப்படும் ஆண்டை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்குக் கரித்துண்டும் செங்கல்லும் சாட்சிக்கு இருக்கின்றன.

அதே வட்டாரத்தில், ஆயிரம் ஆண்டுப் பழமையான 11-ஆம் எண் சண்டி என்ற கோயிலை வீட்டுமனைக்காக இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கியது 2013-ல் வெளியே தெரிந்தது. நிலம் தனியாருடையது, அரசிதழில் பாரம்பரிய இடமாகப் பதிவாகவில்லை. தடயமில்லாத கோட்டையை ஒரு மாதம் தேடிய நாட்டில், இருந்த கோயில் போனதே இடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

(தொடரும்)