கலீனாக் கல்லிலிருந்து மன்னார் மணல் வரை: குறைகடத்தியும் நாங்களும்

2022 மார்ச் மாதக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. நறுவிலிக்குளத்தில் அந்த நாட்களில் கைகொடுத்தவற்றில் ஒன்று சின்னச் சோலார் லைட். பகலில் முற்றத்தில் வெயிலுக்கு வைக்கிறோம், இரவில் அது எரிகிறது. அதைச் சுற்றி இருந்து கதைத்தபோது எங்களில் ஒருவர் கேட்டார்: "இது எங்க தொடங்கினது? இதில எங்கட ஆக்களுக்கு ஏதும் பங்கு இருக்கோ?" அந்தக் கேள்விக்குப் பின்னால் போய்த் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த லைட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1900இல் பிளாங்கும் 1905இல் ஐன்ஸ்டைனும் சொன்னதன் சாரம் இதுதான்: ஒளி தன் சக்தியைத் தொடர்ச்சியாக அல்ல, துண்டு துண்டாகத்தான் கொடுக்கும், வாங்கும். எங்கள் பழைய தமிழ்ப் பாடநூல்கள் இந்தக் குவாண்டத்துக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தன. நல்ல சொல். அரைச் சொட்டு என்று ஒன்று கிடையாது.

குறைகடத்திக்குள் இலத்திரன்கள் ஒரு படியில் நிற்கின்றன. அடுத்த படிக்கு ஏற ஒரு சக்தி இடைவெளியைத் தாண்ட வேண்டும். சிலிக்கனில் அது ஏறத்தாழ 1.1 இலத்திரன் வோல்ற்று. அதைவிடப் பெரிய ஒளிச்சொட்டு வந்தால் இலத்திரன் மேலே ஏறும், கீழே ஒரு துளை மிஞ்சும். அந்த இரண்டையும் பிரித்து எடுத்தால் மின்சாரம். அதுதான் சோலார் தகடு. மறுபக்கமாக, மின்சாரம் கொடுத்து இலத்திரனைத் துளைக்குள் விழ வைத்தால், அதற்கென்று தெரிவுசெய்த குறைகடத்திகளில் இழந்த சக்தி ஒளியாக வரும். அதுதான் எல்ஈடி. வெயிலைப் பிடிக்கிறதும் இரவில் எரிகிறதும் ஒரே கதையின் போக்கும் வரவும்தான்.

இந்தக் கதையின் ஆரம்பப் பக்கங்களில் ஒன்று கல்கத்தாவில் இருக்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லில் ஒரு உலோக முனையை வைத்து, ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவியைச் செய்தார். அதே கல் ஒளிக்கும் பதில் சொன்னது. அமெரிக்காவில் 1901இல் விண்ணப்பித்த காப்புரிமை 1904இல் கிடைத்தது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று அதைச் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கல் ஏன் அப்படி நடக்கிறது என்று சொல்ல அன்றைக்குக் கோட்பாடே இருக்கவில்லை. அது 1920களுக்குப் பிறகுதான் வந்தது. 1924இல் டாக்காவில் இருந்த சத்தியேந்திரநாத் போஸ் ஒளிச்சொட்டுகளை எப்படி எண்ணுவது என்று எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். 1928இல் திருச்சிக்காரர் சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் கண்ட விளைவைக்கொண்டு, இன்றைக்குக் குறைகடத்திப் படலங்களின் தரத்தை ஆய்வுகூடங்களில் பார்க்கிறார்கள்.

பிறகு கதை அமெரிக்காவுக்குப் போகிறது. பெல் ஆய்வுகூடத்தில் 1947இல் திரான்சிஸ்டர், 1954இல் ஏறத்தாழ 6 வீதத் திறனோடு சிலிக்கன் சூரியக்கலம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கம் எங்கட வடக்கில் இருக்கிறது. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட பொருள். அப்போது சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டது. வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப்பாருங்கோ, சொல்லுவினம். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் இருவாயிகளை ஒட்டவேண்டும். இருவாயி என்பது ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் குறைகடத்திச் சந்தி. செய்தி கேட்பதற்காக ஈயம் உருக்கி இருவாயி ஒட்டிய பெடியளும் இந்த வரலாற்றின் ஆக்கள்தான் என்பது எங்கள் எண்ணம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர் சிவலிங்கம் சிவானந்தன். இலங்கைத் தமிழர். சிக்காகோவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்டது இரசமும் கட்மியமும் தெலூரியமும் சேர்ந்த ஒரு கலவை. இதை 1950களின் கடைசியில் இங்கிலாந்தின் மோல்வேர்ன் ஊரில் உருவாக்கினார்கள். அதன் விசேடம் என்னவென்றால், கட்மியத்தையும் இரசத்தையும் எந்த அளவில் கலக்கிறோமோ அதற்கேற்ப சக்தி இடைவெளி மாறும். மனித உடம்பின் சூடு 10 மைக்ரோமீற்றர் அளவில் வீசும் செந்நிறக்கீழ்க் கதிரின் ஒரு சொட்டில் ஏறத்தாழ 0.12 இலத்திரன் வோல்ற்றுத்தான் இருக்கும். சிலிக்கனுக்கு அது காணாது. இந்தக் கலவைக்குக் காணும்.

கஷ்டம் செய்வதில் இருக்கிறது. உயர் வெற்றிடத்தில் அணுக்கற்றைகளை வீசி, அடுக்கு அடுக்காகப் படிய வைக்கவேண்டும். இரசமோ சூடு கூடினால் பறந்துவிடும். 200 பாகை செல்சியசுக்குக் கிட்டிய சின்ன இடைவெளிக்குள் வெப்பநிலையைப் பிடித்து வைக்கவேண்டும். சிவானந்தனும் அவருடைய நுண்பௌதிக ஆய்வுகூடமும் பெயர் எடுத்தது இதில்தான். 1998இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 2013இல் வெள்ளை மாளிகை அவரை மாற்றத்தின் முன்னோடிகளில் ஒருவராகக் கௌரவித்தது.

பெருமைப்படலாம். ஆனால் அதோடு நிறுத்த எங்களால் முடியவில்லை. இதே வகைப் பொருள் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் பழைய விண்மீன் கூட்டங்களின் ஒளியைப் பிடிக்கிறது. இருட்டில் ஆளின் உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கும் இராணுவக் கமராக்களின் பின்னாலும் இதே பௌதிகம்தான். யுத்தக் கடைசியில் வன்னியில் மேலே சுத்திய ஆளில்லா விமானத்தைச் சனம் 'வண்டு' என்றது. வண்டுச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய ஆக்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கினம். யாரைப் பார்ப்பது, பார்த்து என்ன செய்வது என்பதைச் சொட்டு தீர்மானிப்பதில்லை. கருவியை வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். அறிவியல் வரலாறு எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறு.

நாட்டுக்குள்ளும் வேலை நடந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1995இல், திரவம் இல்லாத, முழுவதும் திண்மமான சாயச் சூரியக்கலத்தை வெளியிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பு. ரவிராஜன், தைத்தேனியம் ஈரொட்சைட்டும் பல்பகுதியமும் சேர்ந்த கலங்களை ஆராய்கிறார். நோர்வேயின் பேர்கனில் இருக்கும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையும் அந்த முயற்சிகளோடு கைகோத்தவர்.

தைத்தேனியம் என்றதும் எங்களுக்கு மன்னார் ஞாபகம் வருகிறது. மன்னார்த் தீவு மணலில் இருக்கும் இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். அதிலிருந்துதான் தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுக்கிறார்கள். உலகில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ற்றுக்குப் போகிறது. சூரியக்கலத்துக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். அதனால் "சூரியசக்திக்காக மணல் அள்ளுகிறோம்" என்று யாரும் வந்து சொன்னால் நம்பாதேங்கோ. தாழ்ந்த தீவு இது, மணல் போனால் கடல் வரும் என்று பயந்துதான் 2025இல் மன்னார்ச் சனம் வீதிக்கு வந்தது. அந்தப் பக்கம்தான் நாங்களும் நிற்கிறோம். ஆனால் மண்ணைக் காக்கக் கேட்கிற நாங்கள், அந்த மண்ணில் என்ன இருக்கு, அது எங்கே போகும், என்னவாகும் என்று எங்கட மொழியில் தெரிந்துவைத்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் கூட்டத்தில் ஒரு நிபுணர் எழும்பி ஆங்கிலத்தில் நாலு சொல் சொன்னதும் நாங்கள் வாயை மூடவேண்டி வரும்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு சிவப்பு எல்ஈடியை மல்ரிமீற்றரில் இணைத்து நடு வெயிலில் பிடியுங்கள். ஒரு வோல்ற்றுக்கு மேல் காட்டும். எரியிறதுக்கெண்டு செய்த பொருள் இப்போது வெயிலைப் பிடிக்கிறது. பிறகு நிழலுக்கு வந்து, ரீவி ரிமோட்டை அதன் முன்னால் வைத்து அமத்துங்கள். ஒன்றும் வராது. ரிமோட்டின் செந்நிறக்கீழ்ச் சொட்டு, சிவப்பு எல்ஈடியின் இடைவெளியைத் தாண்டக் காணாது. ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னதை நறுவிலிக்குளத்து முற்றத்தில் ஐந்து நிமிசத்தில் பார்த்துவிடலாம். ஊர்ப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கப் போகிறோம். நீங்களும் உங்கள் ஊரில் செய்யுங்கோ.