மேசையும் பாயும்

என் வேலையில் எந்தக் கட்டட வரைபடமும் கிரிட் கோட்டில்தான் தொடங்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட பிறகுதான் தூண் எங்கே, சுவர் எங்கே என்று பேச முடியும். அதனால் ஜான் லாம்ப்ரி 1869இல் லண்டனில் வெளியிட்ட முறையைப் படித்தபோது சட்டென்று புரிந்தது. புரிந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மரச்சட்டத்தில் பட்டு நூலை இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்ட வேண்டும். அதன் முன்னால் ஓர் ஆளை ஆடையில்லாமல் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும். அப்புறம் எந்த இனத்து உடம்பையும் இன்னொன்றோடு ஒப்பிட்டு அளக்கலாம். அப்படி எடுத்த படமொன்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் நிற்கிறார். தலைப்பில் 'மலாய் ஆண்' என்றுதான் இருக்கிறது. பெயர் இல்லை.

அந்தப் படத்தை 2009இல் மறுபடி கையில் எடுத்தவர் சபா கலைஞர் யீ ஐ-லான். 1971இல் கோத்தா கினபாலுவில் பிறந்தவர். அப்பா சீன-கடசான் வழி வந்தவர், அம்மா நியூசிலாந்துக்காரர். இப்படிப்பட்ட ஒருவரை எந்தக் கட்டத்துக்குள் நிறுத்தி அளப்பது? லாம்ப்ரியின் படத்தின்மேல் அவர் பாத்தேக் விரிசல்களை ஓடவிட்டார். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் இறங்கும். கோடு எங்கே போகும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. கிரிட்டுக்கு நேர் எதிரான கோடு அது.

2013இல் வந்த 'பிக்சரிங் பவர்' வரிசையில் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். டச்சுக் காலனிக் காலப் புகைப்படங்களைப் பார்த்து உருவாக்கிய படங்கள் அவை. அளப்பது, எண்ணுவது, பெயர் பதிவது எல்லாம் மேசைமேல்தான் நடக்கிறது. மலாயில் 'மேஜா', தமிழில் 'மேசை', இரண்டும் போர்த்துக்கீசியரின் 'மேசா'விலிருந்து வந்தவை. பொருளை வாங்கிய கையோடு பெயரையும் வாங்கிக்கொண்டோம்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளைப் பற்றிச் சொல்வார்: "கிராணி மேசைக்கு முன்னால தலையத் தூக்க மாட்டோம்யா. பேர அவரு எப்படி எழுதுறாரோ, அதான் நம்ம பேரு." பாட்டி கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார். அதிலும் அவர் பெயர் தப்பாகத்தான் இருந்தது.

2018 முதல் ஐ-லான் செம்போர்ணாவை ஒட்டிய ஓமடால் தீவின் பஜாவ் சாமா டிலாவுத் பெண்களோடு சேர்ந்து பாய் பின்னச் செய்கிறார். கெனிங்காவில் டூசுன், மூருட் பின்னல்காரர்களோடும் வேலை செய்கிறார். 'தீக்கார்/மேஜா' என்ற வரிசையில் ஒவ்வொரு பாயிலும் ஒரு மேசையின் உருவத்தைப் பின்னியிருக்கிறார்கள். பாயும் கிரிட்தான்: குறுக்கு ஓலை, நெடுக்கு ஓலை. ஆனால் இந்த கிரிட்டுக்கு முன்னால் யாரையும் நிறுத்தி அளக்க முடியாது. விரித்தால் எல்லோரும் மேலே உட்காரலாம். எங்கள் வீட்டில் பாட்டி பாய் விரித்தால் தலைமாடு, கால்மாடு என்று எதுவும் கிடையாது. மேசையின் தலைப்பக்கத்தில் யார் உட்கார்வது என்ற கேள்வியே அங்கே எழாது.

பாய் மேசையைச் சுருட்டிவிட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் அந்தக் கடலோடி மக்களில் பலருக்கு இன்றும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அவர்கள் பின்னிய பாய் அருங்காட்சியகச் சுவரில் தொங்கலாம். அவர்கள் பெயரைப் பதிய வேண்டியது இன்னமும் ஏதோ ஒரு மேசைதான். பாட்டியின் சிவப்பு அட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுக்கதை அல்ல.

இப்போது வரைபடத்தில் கிரிட் கோடு போடும்போதெல்லாம் நூல் சட்டத்தின் முன்னால் நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார். அவருக்கும் வீட்டில் ஒரு பாய் இருந்திருக்கும். அதில் உட்கார்ந்தபோது யாராவது அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.