நூலை மறுத்தவரும் நூலை வளர்த்தவரும்

பழைய நூல்களைப் படிக்கப் பொறுமையில்லை என்பர் இளைஞர். இக்காலக் கதைகளிலே படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பர் பெரியோர். நம் வாசிகசாலைகளிலே அடிக்கடி கேட்கும் இவ்விரு குரல்களும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஒரு நூலை ஒரு சாரார் போற்ற, மற்றொரு சாரார் மறுப்பது தமிழிலக்கிய வரலாற்றில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவதேயாம். அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின், மறுப்பிலும் இருவகை உண்டென்பது புலனாகும்.

முதற் சான்று நம் சமயத்தார் நன்கறிந்தது. அநபாய சோழ மன்னன் சீவகசிந்தாமணியைச் சுவைத்து மகிழ்ந்திருந்தானென்றும், அமைச்சராகிய சேக்கிழார் அதுகண்டு வருந்தி, அந்நூல் உறுதிப்பயன் தராதென எடுத்துரைத்தாரென்றும் சேக்கிழார் புராணம் கூறும். இம்மன்னன் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். சிந்தாமணியோ திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். காதலும் மணமும் போரும் நிறைந்த கதை. மன்னன் அதனை விரும்பியது சுவையால். அமைச்சர் மறுத்தது கொள்கையால். ஆயினும் அமைச்சர் ஏடுகளைத் தீயிலிடுமாறு சொல்லவில்லை. அதனினும் மேலான கதை எது என்பதற்குத் திருத்தொண்டர் வரலாற்றைத் தாமே பாடி விடை தந்தார். ஒரு நூலின்மேற் கொண்ட மனக்குறை நமக்குப் பெரியபுராணத்தைப் பெற்றுத் தந்தது.

சிந்தாமணியும் அழிந்துபோகவில்லை. அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் சைவர். 1887இல் அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரோ திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்திலே தமிழ் பயின்றவர். விளங்காத இடங்களைச் சமணப் பெரியார்களிடம் கேட்டுத் தெளிந்தவர். கொள்கை வேறாயினும் நூலைக் காத்த அப்பெருந்தன்மையை என்னென்பது!

இனி, பழையது புதியது என்னும் பிரிவையும் நோக்குவோம். 1852இல் நாவலர் பெருமான் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். செய்யுளை எட்டமுடியாத வாசகருக்கு அவ்வசனம் வழி திறந்தது. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவலாக வெளிவந்தது. நம் ஈழத்திலே கண்டியில் வாழ்ந்த சித்திலெவ்வை 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். 1895இல் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி என்னும் வரலாற்று நாவல் சென்னையிலே வெளிவந்தது. இவற்றுக்கு நடுவே, 1887இல், நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகளைக் கண்டறியாத அக்கால வாசகனுக்கு, பிரதாப முதலியார் முந்தியவர். கலித்தொகை பிந்தி வந்த புதுநூல்! பழமையும் புதுமையும் ஒரே அச்சுயந்திரத்தின் வழியே கைகோத்து வந்தன. இவற்றுக்கிடையே வேலி கட்டியவர்கள் பின்வந்த நாமேயன்றோ?

அவ்வேலி 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே பெரும் விவாதமாயிற்று. கதைகளில் எளிய மக்களின் பேச்சு அவ்வாறே இடம்பெறுவதைப் பண்டிதர் சிலர் இழிசனர் வழக்கென்று ஒதுக்கினர். முற்போக்கு எழுத்தாளர் அதனை உயிருள்ள மொழியென்று நிலைநாட்ட முற்பட்டனர். டொமினிக் ஜீவாவின் தண்ணீரும் கண்ணீரும் என்னும் சிறுகதைத் தொகுதிக்கு 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1972இல் கே. டானியலின் பஞ்சமர் என்னும் நாவல் யாழ்ப்பாணத்துத் தீண்டாமைக் கொடுமையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் பொருளாகக் கொண்டு வந்தது.

இத்தகைய கதைகளிலே பிரசாரம் மிகுந்து கலைநயம் குன்றியது என்று கூறியவர்களும் உளர். படித்தபின் அவ்வாறு கூறுவது வாசகனின் உரிமை. அதற்கு மறுமொழி கூறலாம். குறையை ஒப்புக்கொள்ளவுஞ் செய்யலாம். ஆனால், பேசுகின்றவன் இன்னான் என்பதற்காகவே அவன் பேச்சை இழிந்ததென்பது நூலை மறுத்ததாகாது, மனிதனை மறுத்ததாகும். பெரியபுராணத்திலே குயவரும் வேடரும் வண்ணாரும் புலையரும் அடியாராய்ப் போற்றப்படுகின்றனர். குருபூசை நாளிலே திருநாளைப்போவாரைக் கைகூப்பி வணங்கிவிட்டு, அவர் போன்றாரின் வழிவந்தவர் கதையிலே வாய்திறந்ததும் நாம் காதைப் பொத்திக்கொள்வது முறையாகுமா? சேக்கிழார் பெருமானுக்கு அது உவக்குமா?

இளைஞரிடத்தும் ஒன்று கூறவேண்டும். ஏட்டைத் திறவாமலே பழையதென்று தள்ளுவதும் அத்தகைய குற்றமே. பஞ்சமரை விரும்பிப் படிக்கும் இளைஞன் திருநாளைப்போவார் புராணத்தைப் படியாதிருப்பானாயின், தான் பேச விரும்பும் நீண்ட வழக்கின் ஒரு பக்கத்தையே அறிந்தவனாவான்.

ஆகவே, நம் சங்கத்துப் பெரியோர் ஒரு புதிய நாவலையும், இளைஞர் ஒரு பழைய புராணத்தையும் முழுமையாகப் படித்து, ஒரே அவையிலே அமர்ந்து கருத்துரைக்க முன்வருவாராக. எல்லாரும் உடன்பட வேண்டுமென்பதில்லை. படித்து மறுப்போம், மறுப்பதற்குக் காரணம் காட்டுவோம், இயலுமாயின் சேக்கிழாரைப் போல அதனினும் மேலானதொன்றை எழுதிக் காட்டுவோம்.