உப்புக்காற்றும் ஒரு சின்ன பின்னும்



போன வாரம் எங்கள் காரில் கியர் சரியாக விழவில்லை. கியர் கம்பியின் முனையிலுள்ள புஷ் தேய்ந்துவிட்டதாம். அதை மாற்ற, கம்பியைக் கியர்பாக்ஸோடு பிணைக்கும் ரோல் பின்னைக் கழற்ற வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பின். நான் ஆணியை வைத்து நாலு தட்டு தட்டினேன். பின்னின் வாய் விரிந்ததுதான் மிச்சம். ஒரு பட்டறையில் கம்பியை அறுத்துவிடலாம் என்றார்கள். அந்த மாடலுக்கு இப்போது கம்பி கிடைப்பது கஷ்டம். மாதாமாதம் வீட்டம்மாவைத் தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப் போவதும் இந்தக் காரில்தான்.

அம்பாசடர் காலத்தில் கியர் லிவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. இணைப்புக் கம்பிகளும் அந்தத் தண்டை ஒட்டியே இறங்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி. கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்து முன்னால் குறுக்கே உட்கார்ந்தது, லிவர் இரண்டு சீட்டுக்கு நடுவே வந்தது. இரண்டையும் இணைக்க வண்டியின் வயிற்றடியில் நீளமாக ஒரு கம்பி ஓட வேண்டியதாயிற்று. அதன்பின் வந்த பல கார்களிலும் கம்பி அல்லது கேபிள்தான். எங்களுடையது கம்பி. ரோட்டுத் தண்ணீர், சேறு எல்லாம் அதற்குத்தான்.

நமக்கோ ஊரே உப்பு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு நடந்து வந்ததையும், 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளிக் கைதானதையும் வருஷந்தோறும் நடத்தியிருக்கிறேன். அந்த உப்பு இரும்பை என்ன செய்யும் என்று ஒருநாளும் நடத்தியதில்லை. உப்பு ஈரத்தை இழுத்துவைக்கும், துருவை வேகப்படுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ரோல் பின் என்பது நெடுக ஒரு பிளவு விட்ட ஸ்பிரிங் எஃகுக் குழாய். துளையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்து, அமுக்கி அடித்து ஏற்றுவார்கள். தானே விரிந்து பிடித்துக்கொள்ளும். அதோடு துருவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா!

கடைசியில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனைக் கூப்பிட்டேன். பையன் என்ன பையன், நாற்பது தாண்டிவிட்டது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, "ராத்திரி ஊறட்டும் சார்" என்று போய்விட்டான். காலையில் வந்து, நான் விரித்துவைத்த வாயை முதலில் அரத்தால் ராவினான். கம்பிக்கு அடியில் கனமான இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்தான். முட்டு இல்லாவிட்டால் கம்பி துள்ளித் துள்ளி அடியையெல்லாம் வாங்கிக்கொள்ளுமாம். பிறகு பின்னைவிட ஒரு நூல் சிறிய, தட்டை முனைப் பஞ்ச். முதலில் குட்டைப் பஞ்ச், பின் அசைந்ததும் நீளப் பஞ்ச். ஏழெட்டு அடியில் கறுத்த பின் டணக்கென்று தரையில் விழுந்தது. நெருப்பு காட்ட வேண்டி வரவில்லை.

புதுப் பின்னுக்குக் கிரீஸ் தடவி ஏற்றினான். பழசை என் கையில் கொடுத்து, "சார், இனிமே ஆணி மட்டும் வைக்காதீங்க" என்றான். வீட்டம்மா உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

வியாழக்கிழமை தஞ்சாவூர் போகிறோம்.